யாரும் படிக்காத பக்கம்

"நான் படிக்கல."

ஒரு பேராசிரியர் தன் வாயால் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதுவும் இவ்வளவு சுலபமாக.

"மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல மேடம். கடைசி வருஷப் பசங்களோட ரிப்போர்ட் இந்த மேஜை நிறைய வந்து குவியும். முதல் பக்கத்துல இருக்கிற சுருக்கத்தைப் பார்ப்பேன், கையெழுத்துப் போடுவேன். இதையும் அப்படித்தான். அந்தப் பொண்ணு நாற்பத்தோராம் பக்கத்துல ஏதோ எச்சரிக்கை எழுதியிருக்காளாம். எழுதினவ முன்னாடி எழுதியிருக்க வேண்டாமா? சோம்பேறின்னு என்னைத் திட்டுங்க, வாங்கிக்கறேன். கொலைகாரன்னு மட்டும் சொல்லாதீங்க."

மேடம் கேட்டுக்கொண்டிருந்தார். பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு விபத்து விசாரணை செய்து கொடுத்தவர். எதிராளி பேசும்போது குறுக்கே பேசினால் கம்பெனிக்கு நஷ்டம் என்று பழகிப்போனவர். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் என்னை உதவியாளனாக வைத்திருக்கிறார். நண்பர்கள் எனக்கு வைத்த பெயர் லொடலொட.

பேராசிரியருக்குப் பின்னால் அலமாரி முழுக்க ஒரே புத்தகத்தின் பல பதிப்புகள். எல்லாவற்றின் முதுகிலும் அவர் பெயர். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் ஆய்வகம் தெரிந்தது. கண்ணாடி இருந்த இடமெல்லாம் பலகை அடித்திருந்தார்கள். அங்கேதான் காற்றழுத்த டேங்க் வெடித்து ஒரு மாணவன் செத்துப்போனான்.

பேராசிரியர் பேசிக்கொண்டே தபால் உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். கையில் விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய பித்தளைத் தகடு. அதன் தலைப்பக்கம் நத்தை வடிவத்தில் வெட்டியிருந்தது. முதுகில் கூடு, முன்னால் இரண்டு கொம்பு.

"நத்தையை விட்டுத் தபால் பிரிக்கச் சொன்னா எப்போ சார் பிரிச்சு முடிக்கும்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "ஏதோ பழைய புத்தகத்துக்குள்ள கிடந்துச்சுப்பா. யாரோ அடையாளத்துக்கு வச்சுட்டு மறந்திருக்காங்க. கைக்கு அடக்கமா இருக்கேன்னு எடுத்து வச்சுக்கிட்டேன்."

"அழகா இருக்கு" என்று மேடம் எழுந்தார். "சாயங்காலம் விசாரணைக் குழுவில பார்ப்போம் சார்."

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன மேடம் இது? தப்பு செஞ்சேன்னு அவரே ஒத்துக்கறாரு. இவரை எங்கே பிடிச்சு எங்கே தொங்க விடறது?"

"அதான் இடிக்குது. கேட்கறதுக்கு முன்னாடியே ஒருத்தர் சின்னத் தப்பை ஒத்துக்கிட்டா, பின்னாடி பெரிசா ஒண்ணு நிக்குதுன்னு அர்த்தம்."

"இல்லேன்னா நிஜமாவே சோம்பேறியா இருக்கலாம். எங்க காலேஜ்ல ரிப்போர்ட்டைத் தராசுல வச்சு எடை பார்த்துத்தான் மார்க் போடுவாங்கன்னு ஒரு பேச்சு உண்டு."

மேடம் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்கவே அவர் சிரிக்கவில்லை.

* * *

எங்களைக் கூப்பிட்டது அந்தப் பெண்ணின் அம்மா. மருத்துவமனை நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து உடைகூட மாற்றாமல் கதவைத் திறந்தார்.

"சாப்பிட மாட்டேங்கறா மேடம். தூங்க மாட்டேங்கறா. சாயங்காலம் விசாரணை முடிஞ்சதும் காலேஜை விட்டு நீக்கிடுவாங்களாம், அப்புறம் போலீஸ் கேஸாம். அதைக்கூட தாங்கிக்குவேன். இவ தன்னையே கொலைகாரின்னு சொல்றாளே, அதைத்தான் என்னால கேட்க முடியல."

அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை. மேஜை தெரியாத அளவுக்கு நகலெடுத்த காகிதங்கள். அந்தப் பெண் கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்னப் பித்தளைத் தகட்டுத் துண்டு. அதன் நடுவே ஒரு ஓட்டை, கொம்பு முளைத்த காது போல.

"நான்தான் மேடம் கொன்னேன்" என்றாள்.

"எப்படி?" என்றார் மேடம், அவளுக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்து.

"எச்சரிக்கையை முதல் பக்கத்துல எழுதியிருந்தா சார் படிச்சிருப்பாரு. சோதனையை நிறுத்தியிருப்பாரு. கிரீஸ் உயிரோட இருந்திருப்பான்."

செத்த பையனுக்குக் கிரீஸ் என்று பெயர். கை எப்போதும் எண்ணெயும் கறுப்புமாக இருந்ததால் வகுப்பில் வைத்த பெயர். இவளும் அவனும் சேர்ந்துதான் அந்த டேங்கைப் பற்றி ரிப்போர்ட் எழுதினார்கள். ஆய்வகமும் ரிப்போர்ட்டை அச்சுக்குக் கொடுப்பதும் அவனுடைய பொறுப்பு, நூலகம் இவளுடையது.

"ஏன் முதல் பக்கத்துல எழுதல?"

"பயம் மேடம். அந்த டேங்குல பன்னிரண்டு பார் அழுத்தம் வரைக்கும் காத்து ஏத்தலாம்னு சார் புத்தகத்துல இருக்கு. அந்த நம்பர் எங்கேயிருந்து வந்துச்சுன்னு தேடினேன். சார் புத்தகம் இன்னொரு புத்தகத்தைக் கை காட்டுச்சு. அது வேறொண்ணைக் காட்டுச்சு. இப்படியே இறங்கிப் போய்க் கடைசியில ஒரு பழைய ஆராய்ச்சி இதழ்ல மூலக் கட்டுரை கிடைச்சது. வெல்டிங் ஜாயின்ட்டே இல்லாத டேங்குக்குத்தான் பன்னிரண்டுன்னு அதுல தெளிவா போட்டிருக்கு. பின்னாடி வந்தவங்க நம்பரை மட்டும் எடுத்துக்கிட்டு அந்த வரியை விட்டுட்டாங்க. எங்க டேங்க் வெல்டிங் பண்ணினது மேடம். ஆறுக்கு மேல போகவே கூடாது."

"அதைத்தான் நாற்பத்தோராம் பக்கத்துல எழுதினியா?"

"ஆமா. முதல் பக்கத்துலயே 'சார், உங்க புத்தகம் தப்பு'ன்னு எப்படி எழுதறது? அதனால சுருக்கத்துல 'வழக்கமான அளவு பன்னிரண்டு'ன்னு மட்டும் போட்டேன். உண்மையை உள்ளே தள்ளிட்டேன்."

எனக்கு வாயில் எந்த நக்கலும் வரவில்லை. மேடம் கேட்டார். "அவனுக்கு உண்மை தெரியும்தானே? அப்புறம் ஏன் பன்னிரண்டுக்கு ஏத்தினான்?"

"வெளியேயிருந்து விருந்தாளிங்க வர்றாங்க, ஒத்திகை பாருன்னு சார் சொல்லிட்டாரு. கிரீஸ் என்ன சொன்னான் தெரியுமா? 'சார் கையெழுத்துப் போட்டிருக்காரு. அப்படின்னா படிச்சிருப்பாரு. படிச்சும் ஏத்தச் சொல்றாருன்னா நம்ம கணக்குத்தான் தப்பா இருக்கும்'னான். நான் சிரிச்சேன் மேடம். 'யாருடா அதையெல்லாம் படிக்கப் போறாங்க'ன்னு சொல்லிச் சிரிச்சேன். எங்களுக்குள்ள பந்தயம் வேற. யாராவது ஒருத்தராவது மூலம் வரைக்கும் போய்ப் பார்ப்பாங்கன்னு அவன். ஒருத்தரும் பார்க்க மாட்டாங்கன்னு நான். தோத்தவங்க, ஜெயிச்சவங்களோட அடுத்த ரிப்போர்ட்டை டைப் அடிச்சுக் கொடுக்கணும்."

"யார் பார்த்தாங்கன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன்னான். என்னன்னு சொல்லல. நான் சார்கிட்ட நேர்ல கேட்டுட்டு வர்றேன், அதுவரைக்கும் டேங்கைத் தொடாதேன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். மாடிப்படியில ஏறும்போதே சத்தம் கேட்டுச்சு." அவள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பந்தயத்துல நான் ஜெயிச்சுட்டேன் மேடம். யாரும் படிக்கல."

அம்மா வாசலில் நின்றபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது என்னம்மா?" என்று தகட்டைக் காட்டினேன்.

"அவன் அலமாரியில கிடந்துச்சு. இதுல எதையோ வெட்டி எடுத்திருக்கான். என்னன்னு தெரியல. அவன் கைபட்டதுன்னு வச்சிருக்கேன்."

மேடம் அந்த ஓட்டையையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "சாயங்காலம் வரைக்கும் இதை எனக்குத் தர்றியா? உங்க ரிப்போர்ட்டையும் கொடு. பத்திரமா திருப்பித் தர்றேன்."

* * *

நூலகத்தின் பழைய இதழ்கள் ஆய்வகத்துக்கு நேர் கீழே, தரைக்கடியில் இருந்தன. பொறுப்பாளர் சாவிக் கொத்தோடு எங்களுக்கு முன்னால் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

"வெடிச்ச அன்னிக்கே போலீஸ் வந்து இந்தக் கதவுக்கு சீல் வச்சுட்டாங்க. சுவர்ல விரிசல் விட்டுடுச்சு பாருங்க. கட்டடம் தாங்கும்னு இன்னிக்குக் காலையிலதான் எழுதிக் கொடுத்து சீலைப் பிரிச்சாங்க. கூட்டறதுக்குக்கூட ஆள் விடல, அதுக்குள்ள நீங்க."

"நடுவுல யாரும் உள்ளே வரலையே?"

"சீலை உடைச்சுக்கிட்டா வருவாங்க? நீங்கதான் முதல் ஆளு. எதை எடுத்தாலும் எடுத்த இடத்துலயே வைங்க." அவர் நாற்காலி ஒன்றைத் துடைத்து, அதில் தானே உட்கார்ந்துகொண்டார்.

மேடம் அந்தப் பெண் போன வழியிலேயே போக ஆரம்பித்தார். பேராசிரியர் புத்தகம், அது சொன்ன கையேடு, கையேடு சொன்ன பழைய கையேடு. நான் ஏணியில் ஏறி இறங்கித் தூசியைத் தின்றேன். ஒவ்வொன்றிலும் அதே பன்னிரண்டு. ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

"இதுக்குப் பேர் ஆராய்ச்சியா மேடம்? நாங்க பரீட்சையில முன் பெஞ்சைப் பார்த்து எழுதினா மட்டும் வெளியே துரத்தினாங்க."

"அந்தத் தடியான தொகுதியை எடு."

தோல் அட்டை போட்ட பழைய இதழ்த் தொகுதி. அவளுடைய ரிப்போர்ட்டில் இருந்த பக்க எண்ணுக்குப் புரட்டினோம். அட்டவணை இருந்தது. அதற்குக் கீழே, வெல்டிங் ஜாயின்ட் இல்லாத டேங்குக்கு மட்டுமே இந்த அளவு என்ற வரியும் இருந்தது. அவள் எழுதியது அத்தனையும் சரி.

ஆனால் மேடம் வரியைப் பார்க்கவில்லை. பக்கத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழுப்பேறிய தாளில் எண்ணெய்க் கறை. எதிர்ப் பக்கத்திலும் அதே கறை, திருப்பிப் போட்ட மாதிரி. நீளமாக ஒரு கோடு. கோட்டின் தலையில் ஒரு கூடு, இரண்டு கொம்பு.

காலையில் பேராசிரியர் கையில் பார்த்த அதே நத்தை.

மேடம் கறையை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். "அழுக்குக் கையால வெட்டின தகடு. துடைக்காமலே உள்ளே வச்சிருக்கான்." பைக்குள் இருந்து பித்தளைத் துண்டை எடுத்துக் கறைமேல் வைத்தார். நான் காது என்று நினைத்த ஓட்டை, கறையைச் சுற்றிச் சரியாக உட்கார்ந்தது.

"ரிப்போர்ட்டைப் படி" என்றார்.

"நாற்பத்தோராம் பக்கமா?"

"அதை இனிமே எல்லாரும் படிப்பாங்க. யாருமே படிக்காத பக்கம் எது?"

அது எனக்குத் தெரியும். நன்றியுரை. எந்த ரிப்போர்ட்டிலும் அதை யாரும் படித்ததில்லை. நன்றி சொல்லப்பட்டவர்கள்கூடத் தங்கள் பெயர் வரும் வரி வரைக்கும்தான் படிப்பார்கள். இதிலும் முதல் வரி பேராசிரியருக்கு. அடுத்தது ஆய்வகப் பணியாளர்களுக்கு. பிறகு பெற்றோருக்கு. கடைசியில் பொடி எழுத்தில் ஒரு பத்தி. நான் சத்தமாகப் படித்தேன்.

"'நாங்கள் சொன்ன மூலத்தை நேரில் போய்ச் சரிபார்க்கப் போகும் அந்த ஒருவருக்கு எங்கள் நன்றி. நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அட்டவணைப் பக்கத்தில் உங்களுக்காக ஒரு பித்தளை நத்தை காத்திருக்கிறது. எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்து காட்டுங்கள். வகுப்பில் நத்தை என்று எல்லோரும் கேலி செய்யும் என் தோழி, இந்தப் பக்கம் வரை ஊர்ந்து வந்துதான் இந்த உண்மையைக் கண்டுபிடித்தாள்.'"

அவளுக்கே தெரியாமல் சேர்த்திருக்கிறான். அச்சடிக்கக் கொடுத்தது அவன்தானே.  பொறுப்பாளர் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"நீங்களும் கொஞ்சம் சாயங்காலம் வரணும்" என்றார் மேடம் அவரிடம். "சீல் வச்ச கதையை மட்டும் சொன்னா போதும்."

* * *

விசாரணை அறையில் நீள மேஜை. தலைப்பக்கம் கல்லூரி முதல்வர், பக்கத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர், எதிரில் பேராசிரியர். அந்தப் பெண்ணும் அம்மாவும் வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள்.

"தொழில்நுட்பச் செய்தியைச் சொல்லத் தெரியாம சொல்லியிருக்காங்க" என்று முதல்வர் ஆரம்பித்தார். "முக்கியமானதை முதல்ல சொல்லணும்னு பாடமே நடத்தறோம். சொல்லாம விட்டதுக்கு ஒரு உயிர் போயிருக்கு."

"வருத்தமான விஷயம்" என்றார் பேராசிரியர். "அவளைக் கடுமையா தண்டிக்க வேண்டாம்னுதான் நானும் கேட்டுக்கறேன். சின்னப் பொண்ணு."

அவளுக்காகப் பரிந்து பேசுகிறாராம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேடம் தன் பையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்தார்.

"சார், உங்க நத்தையைக் கொஞ்சம் தர்றீங்களா? இதைப் பிரிக்கணும்."

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். மேடம் உறையைப் பிரித்தார். உள்ளே இருந்தது பித்தளைத் துண்டு. அதை மேஜைமேல் வைத்து, நத்தையை ஓட்டைக்குள் வைத்து, கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். டிக் என்று பொருந்தி உட்கார்ந்தது.

"காலையில நீங்களே சொன்னீங்க, ஏதோ பழைய புத்தகத்துக்குள்ள கிடந்துச்சுன்னு. என் உதவியாளரும் கூட இருந்து கேட்டாரு. எந்தப் புத்தகம்னு மட்டும் நீங்க சொல்லல. நான் சொல்றேன்." நூலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த தொகுதியைத் திறந்து கறை படிந்த பக்கத்தை முதல்வர் பக்கம் தள்ளினார். நன்றியுரையின் கடைசிப் பத்தியை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். "இந்தப் பக்கத்துக்கு வழி, நாற்பத்தோராம் பக்கத்துல மட்டும்தான் இருக்கு. அதைப் படிக்காம யாரும் இங்கே வந்திருக்க முடியாது."

பேராசிரியர் நத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது என்னவென்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"விபத்துக்கு அப்புறம் போய்ப் பார்த்தேன்" என்றார் வேகமாக. "என்னதான் எழுதியிருக்காங்கன்னு..."

"சீல் வச்சிருந்துச்சே சார்" என்றார் வாசலோரம் நின்ற நூலகப் பொறுப்பாளர். "இன்னிக்குக் காலையிலதான் பிரிச்சோம்."

 இன்ஸ்பெக்டர் நன்றியுரையை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"அப்போ உங்க பேர் வந்த முதல் வரியோட நிறுத்திக்கிட்டீங்களா சார்?" என்று கேட்டேன். நக்கலாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது நக்கலாக இல்லை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "படிச்சேன். ராத்திரியெல்லாம் தூக்கம் வராம, மறுநாள் போய் மூலத்தைப் பார்த்தேன். அவ சொன்னது சரி. ஆனா என் புத்தகம் எத்தனை வருஷமா எத்தனை காலேஜ்ல ஓடுது தெரியுமா? பன்னிரண்டு வச்சுத்தான் எல்லாரும் சோதனை பண்றாங்க. எங்கேயும் வெடிக்கல. விருந்தாளிங்க வந்துட்டுப் போகட்டும், அப்புறம் மெதுவா திருத்திக்கலாம்னு நினைச்சேன். இத்தனை நாள் வெடிக்காதது இந்த ஒரு தடவையா வெடிக்கும்னு..."

"அந்த ஒரு தடவை பக்கத்துல யாரை நிக்க வச்சீங்க?" என்றார் மேடம்.

 இன்ஸ்பெக்டர் எழுந்து பேராசிரியரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.

* * *

தாழ்வாரத்தில் அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். முகத்தில் எந்த எதிர்பார்ப்பும் இல்லை. தண்டனையை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

மேடம் அவள் உள்ளங்கையில் பித்தளைத் துண்டை வைத்தார். ஓட்டை இல்லை. நடுவில் நத்தை உட்கார்ந்திருந்தது. நன்றியுரைப் பக்கத்தையும் கொடுத்தார். அவள் நின்றபடியே படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி மேலே போய்ப் படித்தாள்.

"பந்தயத்துல நீ தோத்துட்டேம்மா" என்றார் மேடம். "அவன் சொன்னதுதான் நடந்திருக்கு. ஒருத்தர் படிச்சிருக்காரு. மூலம் வரைக்கும் போய்ப் பார்த்திருக்காரு. நீ எழுதினது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "படிச்சுட்டுமா?" என்றாள். "படிச்சுட்டுமா ஏத்தச் சொன்னாரு?"

மேடம் தலையை மட்டும் அசைத்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். தான் கொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதுவரை அழாத பெண், அப்போதுதான் அம்மாவின் தோளில் விழுந்து அழுதாள். எனக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு விதிகளை முழுவதும் படித்து முடித்தேன்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் புத்தகம் இன்னும் எத்தனை காலேஜ்ல இருக்குன்னு சொன்னாரா?"

"சொல்லல. நிறைய."

"அங்கெல்லாம் டேங்க் ஓடிக்கிட்டிருக்குமே" என்றாள். பிறகு எங்களைத் தாண்டி, தாழ்வாரத்தின் கோடியில் திறந்திருந்த கம்ப்யூட்டர் அறைக்கு நடந்தாள். அம்மா கூப்பிட வாயெடுத்தார். மேடம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

நான் கதவு வரை போய் எட்டிப் பார்த்தேன். அவள் விசைப்பலகைக்குப் பக்கத்தில் நத்தையை வைத்துவிட்டு டைப் அடிக்க ஆரம்பித்திருந்தாள். எழுதியவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போடவில்லை. அவன் பெயரைப் போட்டாள். தோற்றவர்தானே அடித்துக் கொடுக்க வேண்டும்.

சுருக்கம் என்று தலைப்பிட்டு, அதற்குக் கீழே முதல் வரியை அடித்தாள்: "இந்த டேங்கில் ஆறுக்கு மேல் ஏற்றினால் பக்கத்தில் நிற்பவர் செத்துப்போவார்."

ஒரு கணம் யோசித்தாள். பிறகு அந்த எழுத்தைப் பெரிதாக்கினாள்.